பவானி என்ற பெயரில் ஒரு மீன்

போன தடவை பழைய படிக்கணக்கு, மரக்கால் பற்றி எழுதியதற்கு இத்தனை பேர் பதில் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. இன்றைக்கு வேறு விஷயம். கொஞ்சம் நீளம்தான். காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பொங்கல் லீவில் மகள் குடும்பம் வந்திருந்தது. எல்லோருமாகக் கல்லாற்றுப் பக்கம் போனோம். பேரன் பாறைமேல் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மிச்சி, இங்க வாங்க. இந்த மீன் நீந்தவே இல்லை. ஆனா தண்ணி அதை அடிச்சிட்டும் போகலை. எப்படி?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அதே கேள்வியை 1990ல் என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். ஆற்றோரத்துப் பிள்ளை. "டீச்சர், தண்ணி இந்த இழு இழுக்குதுங்க, அந்தக் கல்லொட்டி மீனு மட்டும் எப்படிங்க அங்கயே நிக்குது?"

நான் யோசிக்கவே இல்லை. "அதுக்கு வயித்துல உறிஞ்சி இருக்கும்டா. பல்லி சுவத்துல ஒட்டற மாதிரி. உக்காரு" என்றேன். அவன் உட்காரவில்லை. "பல்லி காஞ்ச சுவத்துலதானுங்க ஒட்டுது. பாசி புடிச்ச கல்லுல கை வெச்சாலே வழுக்குதுங்களே?" வகுப்பே சிரித்தது. அதிகப் பிரசங்கித்தனம் என்று சொல்லி அந்த பீரியட் முடியும்வரை அவனை வெளியே நிற்க வைத்தேன்.

அவன் கேட்டது இரண்டும் நல்ல கேள்விகள். நான் சொன்ன பதில் அரைகுறை. பல்லி உறிஞ்சி ஒட்டுவதில்லை என்பதே எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைக்கு வந்தவள். விலங்கியல் தனியாகப் படித்ததில்லை. அதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லையே.

பேரனுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. "தேடிச் சொல்றேன் கண்ணு" என்றேன். பழைய அறிவியல் ஏடுகளையெல்லாம் இப்போது படம் பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். மகள் எடுத்துக் கொடுத்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகப் படிக்கிறேன். அதில் கிடைத்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அவர் பெயர் சுந்தர் லால் ஹோரா. 1896ல் ஹஃபீசாபாத்தில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. லாகூரில் படித்தவர். 1919ல் அந்தக் கல்லூரிக்கு நெல்சன் அனன்டேல் வந்தார். அனன்டேல் எடின்பரோக்காரர். 1916ல் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். ஹோராவைப் பார்த்தார், கல்கத்தாவுக்கு வரச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் நம் நாட்டு மீனுக்கும் பறவைக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலைக்குள் ஒரு பஞ்சாபிப் பையன் போகிறான்.

போன மறு வருஷம், 1920ல், இருபத்து நான்கு வயதில், ஓடைகளின் அடியில் வாழும் தட்டையான சிறு மீன்களின் குடும்பம் ஒன்றை ஹோரா முழுக்க ஒழுங்குபடுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதில் தென்னாட்டு மீன் ஒன்று. மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டன் 1849லேயே அதைப் பற்றி எழுதி, 'ஆஸ்திராலிஸ்' என்று பெயரிட்டிருந்தார். 'தெற்கத்தியது' என்று பொருள். இது தனி இனக்குழு, இதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்று ஹோரா முடிவு செய்தார். அவர் வைத்த பெயர் 'பவானியா'. நம்ம பவானி ஆறுதான், வேறெதுவும் இல்லை.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்து சொச்சம் வருஷம் பவானிக் கரையில் அறிவியல் பாடம் நடத்தியிருக்கிறேன். பவானி பெயரில் ஒரு மீன் உலக ஏட்டில் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. பேரன் பார்த்தது பவானியா இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது அநேகமாக 'கர்ரா' என்ற வகை. தாடைக்குக் கீழே ஒரு வட்டத் தட்டு இருக்கும். பவானியா அதைவிடத் தட்டை. மார்புத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் இறக்கை மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும்.

ஹோரா மியூசியத்தில் பாட்டில் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இல்லை. 1920ல் மணிப்பூர் போனார். பிறகு காசி மலைக்குப் போய், சிரபுஞ்சிப் பக்கத்து ஓடைகளில் மீன், தலைப்பிரட்டை, பூச்சி எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே கவனித்தார். 1922, 1923ல் அந்தக் குறிப்புகள் வெளிவந்தன. 1930ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில், காட்டாற்று உயிர்களின் ஒட்டும் உறுப்புகளைப் பற்றி நூறு பக்கத்துக்கு மேல் ஒரே கட்டுரை எழுதினார். கெளுத்தியின் நெஞ்சு மடிப்பு, கர்ராவின் தாடைத் தட்டு, தலைப்பிரட்டையின் வயிற்றுக் கிண்ணம் என்று வரிசையாகப் போகிறது.

நான் 'உறிஞ்சி' என்று ஒரே சொல்லில் முடித்ததை அவர் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். காசி மலைத் தவளை ஒன்றின் தலைப்பிரட்டைக்கு வயிற்றில் இருப்பது உண்மையான உறிஞ்சிக் கிண்ணம். ஆனால் கிளிப்டோதோராக்ஸ் என்கிற மலைக் கெளுத்தியின் நெஞ்சில் இருப்பது தோல் மடிப்புகள். அது கிண்ணம் மாதிரி உறிஞ்சுகிற அமைப்பு இல்லை, உரசிப் பிடிக்கிறது. நம் செருப்பின் அடியில் வரிவரியாக இருக்குமே, அந்த வேலை. இந்தக் கெளுத்தியிலும் நம்ம ஊர் வகை ஒன்று உண்டு. 1873ல் ஃபிரான்சிஸ் டே அதற்கு 'மதராஸ்பட்டானஸ்' என்று பெயரிட்டார். அவருக்குக் கிடைத்த மீனும் நீலகிரி அடிவாரத்துப் பவானியில் பிடித்ததுதான்.

இனி அந்தப் பையனின் முதல் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் ஏன் அடித்துக்கொண்டு போகவில்லை?

வீட்டில் ஒரு மாதம் துடைக்காத மின்விசிறியைப் பாருங்கள். இறக்கை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது! ஆனாலும் அதன்மேல் தூசி அப்படியே படிந்திருக்கும். காரணம், எந்தப் பரப்பை ஒட்டியும் காற்றோ தண்ணீரோ அந்தப் பரப்போடு சேர்ந்தே இருக்கும், வழுக்கிக்கொண்டு போகாது. கல்லைத் தொடும் தண்ணீருக்கு ஓட்டமே இல்லை. அதற்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும். இந்த மெல்லிய அடுக்கை 1904ல் ஹைடல்பெர்க்கில் நடந்த கணித மாநாட்டில் ஜெர்மன்காரர் லுட்விக் பிராண்டில் விளக்கினார். அவர் கணக்கு ஆகாய விமானத்துக்குத்தான் முதலில் பயன்பட்டது. ஓடைக்கு வந்து சேர ரொம்ப நாளாயிற்று. 1959ல் சுவிட்சர்லாந்தில் அம்பூல் என்பவர் தண்ணீரில் நுண்ணிய துகள்களைக் கலந்து படம் எடுத்து, கல்லின்மேல் வேகம் குறைந்த அந்த அடுக்கு சில மில்லிமீட்டர்தான் என்று காட்டினார். ஆக, ஓடை உயிர்கள் தட்டையாக இருப்பது அந்த அடுக்குக்குள் ஒளிந்துகொள்ளத்தான் என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பாதிதான் சரி. தட்டையாக இருப்பதிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடிக் காற்றில் தகரக் கூரை என்ன ஆகும்? காற்று கூரையை முன்னால் தள்ளுவதைவிட மேலே தூக்குவதுதான் அதிகம். மேல்பக்கம் காற்று வேகமாகப் போகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, கூரை எழும்புகிறது. தட்டை மீனுக்கும் அதே கதை. தண்ணீர் அதை இழுப்பதும் உண்டு, தூக்குவதும் உண்டு. ஒரு இம்மி தூக்கிவிட்டால் போதும், அடியில் தண்ணீர் புகுந்து மீன் போய்விடும். 1978ல் அர்னால்ட், வைஸ் என்று இருவர், கடல் தரையில் கிடக்கும் தட்டை மீன் ஒன்றை வைத்து இதைக் கணக்காகவே போட்டார்கள். 1980களில் ஓடைப் பூச்சிகளைச் சுற்றி லேசர் வைத்து நீரோட்டத்தை அளந்தபோது, அந்த மெல்லிய அடுக்குக்குள் முழுதாக ஒளிந்துகொள்வது என்பது அவ்வளவு எளிதல்ல என்று தெரிந்தது.

கூரைக்கு நாம் மேலே கல் வைக்கிறோம். மீன் என்ன செய்யும்?

முதலாவது, கனமாக இருக்கும். சாதாரண மீனுக்குள் மிதப்பதற்குக் காற்றுப் பை உண்டு. அடித்தரை மீன்களில் அது சிறுத்துப் போயிருக்கிறது. ஆகவே நீந்துவதை நிறுத்தினால் அவை கீழேதான் போகும். இரண்டாவது, துடுப்பு. தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, மார்புத் துடுப்பை விரித்து, முன்விளிம்பைத் தாழ்த்திச் சாய்த்து வைக்கும். வருகிற தண்ணீரே அதைத் தரையோடு அழுத்தும். விமான இறக்கையைத் தலைகீழாகப் பொருத்திய மாதிரி. சால்மன் குஞ்சுகள்கூட ஓடை அடியில் இப்படித்தான் படுத்திருக்கும். தண்ணீரின் வேகத்தையே தண்ணீருக்கு எதிராகத் திருப்பிவிடுகிற வேலை இது. அதனால்தான் பேரன் கண்ணுக்கு அந்த மீன் சும்மா இருப்பதாகத் தெரிந்தது.

மூன்றாவது, வயிறு. பவானியாவின் குடும்பத்து மீன்களுக்கு அடிப்பக்கம் தட்டையாக, செதில் இல்லாமல் இருக்கும். துடுப்பின் வெளிக்கதிர்கள் தடித்து, அடியில் மெத்தை மாதிரி இருக்கும். உடம்பு மொத்தமும் சேர்ந்து ஒரு ஒட்டும் பரப்பு. சீனாவில் இதற்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மீனை 2016ல் சோதித்தார்கள். அதை நேராக மேலே இழுத்தால், தன் எடையைப் போல 1000 மடங்கு வரை தாங்கியதாம்! ஓரங்களில் நுண்ணிய காற்றுக்குமிழ்கள் வளையமாக நின்று அடைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே உறிஞ்சலும் கதையில் உண்டு. நான் 1990ல் சொன்னது முழுப் பொய் இல்லை என்று ஒரு சின்ன ஆறுதல்.

ஆனால் அவனுடைய இரண்டாவது கேள்வி? பாசிக் கல்லில் வழுக்காதா?

அதற்கான பதில் 1982லேயே அச்சாகியிருக்கிறது. டைசன் ராபர்ட்ஸ் என்ற மீனியல் அறிஞர் இந்த மாதிரி மீன்களின் தோலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். தோலில் கொம்புப் பொருளால் ஆன நுண்முட்கள். ஒவ்வொரு முள்ளும் ஒரே ஒரு செல்லில் இருந்து முளைத்தது. 'உன்குலி' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'குட்டிக் கொக்கிகள்' என்ற மாதிரிப் பொருள். துடுப்பின் அடியிலும் உதட்டிலும் நெஞ்சுத் தட்டிலும் இவை இருக்கின்றன. வழுக்குகிற கல்லில் நம் கை வழுக்கும், ஆயிரக்கணக்கான நகம் வைத்த கை வழுக்காது. அந்தப் பையன் என் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது இந்தப் பதில் எட்டு வருஷம் பழையது. எங்கள் பள்ளி நூலகத்துக்கு அது வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஹோராவை நான் இன்னும் முடிக்கவில்லை. அவர் கதையில் எனக்குப் பிடித்த இடமும், மனசு கனத்த இடமும் இனிமேல்தான்.

இப்படி ஓட்டத்துக்கென்றே உடம்பு அமைந்த மீன் சமவெளி ஆற்றில் வாழாது. தேங்கின, சூடான, சேற்றுத் தண்ணீர் அதற்கு ஆகாது. அப்படியென்றால் காசி மலையிலும் அதற்குக் கிழக்கே மலேயா வரைக்கும் இருக்கிற வகைகளின் சொந்தக்காரர்கள் நீலகிரி அடிவாரத்துக்கு எப்படி வந்தார்கள்? நடுவில் கங்கைச் சமவெளி, மத்திய இந்தியா, தக்காணம். ஒரு மலை ஓடையின் தலைப்பகுதியைப் பக்கத்து ஓடை அரித்துப் பறித்துக்கொள்வது உண்டு. அப்போது மீனும் சேர்ந்து மாறும். மலைத்தொடர் விடாமல் இருந்தால் இப்படியே நகர்ந்து நகர்ந்து வரலாம். ஆகவே ஒரு காலத்தில், குளிரும் மழையும் கூடிய பனியுகத்தில், அஸ்ஸாம் மலைகளிலிருந்து ராஜ்மகால் மலை, அங்கிருந்து விந்திய சாத்பூரா மலைகள், பிறகு மேற்குத் தொடர்ச்சி மலை என்று ஓடைகளின் பாதை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றார் ஹோரா. காரோ மலைக்கும் ராஜ்மகாலுக்கும் நடுவே இப்போது கங்கையும் பிரம்மபுத்திராவும் இறங்கும் தாழ்வு இருக்கிறதே, அது பிற்பாடு உண்டானது என்பது அவர் கணக்கு. இதுதான் 'சாத்பூரா கருதுகோள்'. 1944ல் விரிவாக எழுதினார். 1949ல் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு நடந்தது. மீன்காரர்கள், பறவைக்காரர்கள், தாவரக்காரர்கள் எல்லாம் பேசினார்கள். ஒரு விரல் நீள மீன் கல்லைப் பிடித்திருக்கும் விதத்தை வைத்து ஒரு துணைக்கண்டத்தின் பழைய நிலப்படத்தையே வரையப் பார்த்தார் மனிதர். அந்தத் துணிச்சலுக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

ஆனால் கருதுகோள் நிற்கவில்லை. சாத்பூரா மலை அவ்வளவு உயரமாகவும் ஈரமாகவும் விடாமல் இருந்ததற்கு மண்ணில் சாட்சி கிடைக்கவில்லை. இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரியது. ஒரே மாதிரி உடம்பு இருந்தால் சொந்தம் என்று சொல்லிவிட முடியுமா? காட்டாறு எந்த மீனைப் பிடித்தாலும் தட்டையாக்கி, துடுப்பை விரித்து, வயிற்றைச் செதில் இல்லாமல் வழித்துவிடும். ஒரே கருமான் பட்டறையில் வேறு வேறு இரும்பு ஒரே அரிவாளாக வருகிற மாதிரி. 2003ல் பிரவீண் கரந்த் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் இதைத்தான் கேட்டார். தோற்றத்தை வைத்துச் சொன்ன உறவுகளை மரபணு வழி வம்ச மரம் போட்டுச் சோதிக்க வேண்டும், சிலது வெறும் ஒப்புமையாகக்கூட இருக்கலாம் என்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஓட்டையை முதலில் கண்டவர்களில் ஹோராவே ஒருவர்! 1922ல் அனன்டேலோடு சேர்ந்து, காட்டாற்று மீனும் தலைப்பிரட்டையும் சொந்தமே இல்லாமல் எப்படி ஒரே வழியில் மாறுகின்றன என்று எழுதினார். 1932ல், கல்லொட்டும் மீன் குடும்பமே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை, இரண்டு வேறு மூதாதையரிலிருந்து வந்து ஒன்று போல ஆனவை என்று வாதாடினார். அது தெரிந்த மனிதர் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒற்றுமையைப் பாதைக்குச் சாட்சியாக வைக்கிறார். பவானியாவுக்கு வடகிழக்கில் சொந்தம் இல்லாமல் இல்லை, இன்றைக்கும் அதே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எப்போது, எந்த வழியாக வந்தது என்பதில்தான் அவர் கட்டிய வீடு ஆடிவிட்டது.

அனன்டேல் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1924லேயே கல்கத்தாவில் காலமாகிவிட்டார். ஹோரா 1947ல் அந்த ஆய்வகத்துக்கே தலைவரானார். பிறந்த ஊர் வேறு நாடாகப் போன அதே வருஷம். அதைப் பற்றி அவர் எதுவும் எழுதி நான் பார்க்கவில்லை. 1955 டிசம்பரில் காலமானார். பவானிசாகர் அணை கட்டி முடித்ததும் அதே 1955தான். அந்த அணை இல்லையென்றால் கோபி, ஈரோடு பக்கம் நம் சொந்தங்களில் பாதிப் பேருக்கு வயல் இல்லை, அதை நான் குறை சொல்லவில்லை. ஓட்டம் நின்ற இடத்தில் கல்மேல் சேறு படிகிறது, அந்த உடம்புக்கு அங்கே வேலை இல்லை என்பதை மட்டும் பேரனிடம் சொன்னேன். "அப்ப அது எங்க போகும் அம்மிச்சி?" என்றான். மேலே, ஓட்டம் இருக்கிற ஓடைகளுக்கு என்றேன். "அங்கயும் கட்டினா?" என்றான். தெரியலை கண்ணு என்றேன். இந்த முறை யாரையும் வெளியே நிற்க வைக்கவில்லை.

1990ல் அந்த ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால் யார் அந்தப் பையன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே போட வேண்டாம். அவன் நம்பர் யாரிடமாவது இருந்தால் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பிவிடுங்கள், மன்னிப்பை நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன். ஷில்லாங்கில் ராணுவத்தில் இருக்கிற நம்ம தம்பியிடம், லீவு கிடைத்தால் சிரபுஞ்சி ஓடை ஒன்றில் கல்லைப் புரட்டாமல், மேலிருந்தே ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் போடுகிறேன்.